குறுக்கே கிடந்த கயிறு

என் கணவர் கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், சமையலறைக் கதவருகே கிடந்த ஸ்கிப்பிங் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, மேசை முன் உட்கார்ந்து, ஒரு கரண்டி சூப் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றது.

"குறைக்கச் சொன்னது டாக்டர். சண்டை போடணும்னா அவர்கிட்டப் போய்ப் போடுங்க" என்றேன்.

சிரித்தார். நான் வேலைக்குக் கிளம்பினேன். அதற்குப் பிறகு அன்று நடந்தது எதுவும் சாதாரணம் இல்லை. அதை அதற்குரிய வாரத்தில் எழுதுகிறேன்.

இந்த வாரம் கயிற்றின் கதை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு கதவுக்கும் குறுக்கே ஒரு ஸ்கிப்பிங் கயிறு கிடக்கும் என்று போன அத்தியாயத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். வீட்டில் சின்னக் குழந்தைகள்கூட இல்லையே, எதற்கு என்று கேட்டவர்களுக்கு இது பதில்.

அவர் குத்துச்சண்டைப் பயிற்சியாளர். எல்லோருக்கும் மாஸ்டர். இது பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்னபோது, "இப்ப எத்தனையாவது ரவுண்டு சார்?" என்று கேட்டவர். கை நடுக்கம் பார்ப்பவர் கண்ணுக்கெல்லாம் தெரிந்தது. ஆனால் அவரை உண்மையில் படுத்தி எடுத்தது கால். நன்றாக நடந்துகொண்டே வருவார். கதவு வந்ததும் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தள்ளினாலும் வராது, இழுத்தாலும் வராது.

ஒருநாள் பயிற்சிக்கூட வாசலில் அப்படி நின்றபோது, யாரோ போட்டுவிட்டுப் போன கயிறு ஒன்று காலடியில் கிடந்தது. அதைத் தாண்ட நினைத்தார். கால் எழுந்தது. "கண்ணுக்கு ஒரு கோடு தெரிஞ்சா கால் பேச்சு கேக்கும்" என்று பிசியோதெரபி பெண் பிற்பாடு விளக்கினாள். அன்று முதல் அவர் போகும் இடமெல்லாம் கயிறும் போனது.

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. என் மருமகள் அவரிடம் குத்துச்சண்டை கற்றவள். வயரும் டெஸ்டருமாக அலையும் எலெக்ட்ரீஷியன். உருவத்தைப் பார்த்துப் பயிற்சிக்கூடத்தில் குருவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த அன்றே அவர் சொல்லிவிட்டார்: கையுறை மாட்டினால் மாஸ்டர், கழற்றினால் மாமா.

"ஏன் இந்தக் கெடுபிடி?" என்று நான் கேட்டேன்.

"சொந்தக்காரங்களை யாரும் ஓங்கிக் குத்த மாட்டாங்க" என்றார்.

மகனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல இந்தத் துறையில் எதுவும் இல்லை. பேக்கரி வைத்திருக்கிறான். கூடத்துப் பிள்ளைகள் அவனை மாவு என்பார்கள். ரத்தம் ஆகாது. கடையில் ஜாம் பாட்டில் உடைந்ததற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.

இனி, அவர் போவதற்கு முன்னால் நடந்த ஒரு நாளுக்கு வருகிறேன்.

அன்று மாலை குருவிக்குத் தேர்வுச் சண்டை. ஜெயித்தால் அணியில் இடம். எதிரே நிற்கப் போகிறவள் கொக்கின் மாணவி. கொக்கு என்பவர் இன்னொரு கூடத்தின் பயிற்சியாளர்; நெட்டையாக, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். என் கணவரும் அவரும் இளவயதில் ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்துக்கொண்டவர்கள். அதனால் வாடா போடா என்று பேசிக்கொள்ளும் உரிமை இருவருக்கும் உண்டு.

சில வாரங்களுக்கு முன் நடந்த பயிற்சிச் சண்டையில் கொக்கின் மாணவி குருவியை எளிதாக ஜெயித்திருந்தாள். அப்போது கொக்கு சொன்னது இவர் நெஞ்சில் முள்ளாக நின்றது. "உன் மருமகளோட வலது கை தூங்கி எழுந்து வருதுடா."

தேர்வு நாளன்று காலை, சாப்பாட்டு மேசையில், இவர் குருவியிடம் நேராகவே சொன்னார்.

"இன்னிக்கும் அந்த வலது கை லேட்டா வந்தா, கோளாறு உன்கிட்ட இல்ல. என்கிட்ட. நீ கொக்குகிட்டப் போய்க் கத்துக்க."

குருவி ரொட்டியைக் கீழே வைத்தாள். "நான் போக மாட்டேன் மாமா."

"மாமா சொல்றேன், போ."

"மாமா சொன்னா எதிர்த்துப் பேசலாம். மாஸ்டர் சொன்னாதான் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் கை கழுவுகிற சாக்கில் குழாயடியில் வெகு நேரம் நின்றாள். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்கும் தெரியும்.

அன்று அவர் செய்த ஒரு தப்பையும் இங்கே சொல்ல வேண்டும். நான் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். அவருடைய மாத்திரைக்கும் முட்டைக்கும் ஆகாது. இரண்டும் சேர்ந்து உள்ளே போனால் முட்டை முந்திக்கொள்ளும். மாத்திரை வெளியே நிற்கும். அவர் உடம்பு விறைத்துக்கொள்ளும். இதைச் சொல்லி முட்டையை ராத்திரிக்கு மாற்றியிருந்தேன். ஆனால் குத்துச்சண்டைக்காரனுக்குச் சண்டை நாளன்று காலையில் முட்டை சாப்பிடாவிட்டால் குளிக்காமல் வெளியே போன மாதிரி இருக்கும்போல. என் கண்ணில் படாமல் அவித்துத் தின்றுவிட்டு, முட்டை ஓடுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது.

கூடத்துக்குப் போனோம். குருவியும் மகனும் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். நான் முதலில் நுழைந்து ஜன்னல்களைத் திறந்துகொண்டு போனேன். அவர் பின்னால் வருகிறார் என்று நினைத்தேன்.

வரவில்லை. தரையைத் துடைத்தவர் வாசல் கயிற்றை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். மாத்திரையும் அன்று கைவிட்டுவிட்டது. மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

உள்ளே குருவி உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வரும்வரை பேட் பிடிக்க ஆள் வேண்டும் என்று புருஷனை இழுத்து நிறுத்தியிருந்தாள். பேட் என்பது பயிற்சியாளர் உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் தட்டையான மெத்தை. அவர் காட்டுவார், வீரர் குத்துவார். மகன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, பேட்டை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தான்.

"கண்ணைத் திற மாவு. உன்னையா குத்தப் போறேன்?"

"அப்படித்தான் கல்யாணத்துக்கு முன்னாடியும் சொன்ன."

ஆனால் மாவு பிசைந்த மணிக்கட்டு. இரும்பு மாதிரி நின்றது. அவள் இடது, வலது என்று விட்டாள். டப்டப். டப்டப்.

ஜன்னல் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் வாசலில் அவரைப் பார்த்தேன். பதறி ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தேன். அவர் ஒரு விரலை உதட்டின் மேல் வைத்து, வேண்டாம் என்று தலையசைத்தார். அந்த விரலும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. தலையைச் சற்றுச் சாய்த்து, வானொலி கேட்பவர் மாதிரி நின்றார்.

டப்டப். டப்டப்.

"இப்ப போடு" என்றார் சிறிது நேரம் கழித்து. போட்டேன். தாண்டி வந்தார். நேராக மகனிடமிருந்து பேட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"அதையே விடு" என்றார் குருவியிடம்.

அவள் விட்டாள். டப்... டப்.

இன்னொரு முறை. டப்... டப்.

எனக்கே கேட்டது. இரண்டு குத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் இடைவெளி இருந்தது. மகன் பிடித்தபோது அது இல்லை.

"எனக்காகக் காத்திருக்கியா?"

"இல்ல மாஸ்டர்."

"என் வலது பக்கத்துப் பேட் மேல வர நேரமாகுது. அது வர்ற வரைக்கும் நீ கையை நிறுத்தி வெச்சுக் குத்துற. அப்படித்தானே?"

குருவி தரையைப் பார்த்தாள். "வேணும்னு செய்யல மாஸ்டர். எப்ப ஆரம்பிச்சதுன்னே தெரியல. தானா வந்துருச்சு."

அவர் கூடத்தில் இருந்த மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "வேற யாரெல்லாம் காத்திருக்கீங்க?"

 ஒருவன் ஷூ லேசை அவிழ்த்து மறுபடி கட்டினான். ஒருத்தி கைப்பட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள். அத்தனை பேரும்தான் என்று புரிந்துவிட்டது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன். அவர் அழுவாரோ என்று பயமாக இருந்தது. அந்த மனிதர் வருத்தப்பட்டால் வெளியே தெரியாது. மூக்கை மட்டும் இழுப்பார். மூக்கை இழுத்தார்.

"ஒரு கூடத்தையே மெதுவாக்கி வெச்சிருக்கேன் பாரு" என்றார் என்னிடம். பிறகு குருவியைப் பார்த்து, "இத்தனை நாளா நீ பேட்டைக் குத்தல. மாமாவைக் குத்தாம பாத்துக்கிட்டு இருந்திருக்க" என்றார்.

அதற்கப்புறம் பேட்டைக் கழற்றினார். அதன் ஒட்டுப்பட்டை பிரியும் சத்தம் கரகரவென்று கூடம் முழுக்கக் கேட்டது. எனக்குத் தாலி கட்டுவதற்கு முன்பே அவர் கையில் ஏறியவை அவை. எத்தனையோ ஜோடி கிழிந்து மாற்றியிருக்கிறார். கையை விட்டு இறக்கியதில்லை. இரண்டையும் மகன் கையில் வைத்தார்.

"நீ பிடி."

"அப்பா, எனக்கு இதெல்லாம்..."

"பிசையறவனுக்குக் கை நிக்கும். வேற எதுவும் வேணாம். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டார். அவர்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றார். பின்னால் சத்தம் வந்தது. "லேட்" என்பார். மறுபடி சத்தம். "லேட். காலைத் தூக்கிட்டுக் குத்துற." அவர் பார்க்காமலே சொன்னதும் குருவி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். "ம். இது சரி." அவர் குரலில் பழைய அதட்டல் எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

இடைவேளையில் தண்ணீர் கொடுக்கப் போனபோது அவர் சட்டைப் பையில் ஏதோ நொறுங்கியது. கையை விட்டு எடுத்தேன்.

"இது என்ன?"

"முட்டை ஓடு."

"எத்தனை தின்னீங்க?"

"ஒண்ணு." என் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு. இத பாரு, அதைத் தின்னதாலதான் வாசல்ல நின்னேன். நின்னதாலதான் கேட்டேன்."

"அதுக்காக நாளைக்கும் தின்னலாம்னு கணக்குப் போடாதீங்க."

சாயங்காலம் அரங்கம் நிரம்பியிருந்தது. உடை மாற்றும் அறையிலிருந்து ஒரு குறுகலான நடை. அதன் முடிவில் ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் வெளிச்சமும் கூச்சலும். மேற்பார்வையாளர் அம்மாள் ஒருவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "கூப்பிட்டதும் பயிற்சியாளர் வீராங்கனையோட கூடவே வரணும். பின்னாடி தனியா வந்தா ரிங் மூலையில நிக்க விட மாட்டோம்."

கூப்பிட்டார்கள். மகன் முக்காலி, வாளி, பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவிட்டான். அவனுக்கும் முதல் தடவை, பதற்றம். குருவி, அவள் பின்னால் அவர், அவர் பின்னால் துண்டோடு நான்.

கதவருகே அவர் நின்றுவிட்டார்.

"கயிறு" என்றார்.

கயிறு பையில் இருந்தது. பை ரிங் மூலையில் இருந்தது. இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். நான் துண்டை முறுக்கித் தரையில் போடலாம் என்றால், அந்த நடையில் அவரைத் தாண்டி முன்னே போக வழியில்லை. குருவியின் கைகள் தலையணை மாதிரி கையுறைக்குள் இருந்தன. ஒரு ஊசியைக்கூட எடுக்க முடியாது. மேற்பார்வையாளர் அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டார்.

குருவி திரும்பி வந்தாள். கதவுச் சட்டத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஒரு காலை நீட்டி வாசலுக்குக் குறுக்கே வைத்தாள். அவள் போட்டிருந்தது சிவப்பு ஷூ.

"தாண்டுங்க மாமா."

அவர் அந்த ஷூவைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"கையுறை போட்டிருக்க."

"தாண்டுங்க மாஸ்டர்."

தாண்டினார். அதற்கப்புறம் ரிங் வரை ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தார். நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன்.

முதல் ரவுண்டு சரியில்லை. ஒரே நாள் பயிற்சியில் பழக்கம் போய்விடுமா? டப்... டப். அந்த இடைவெளியில் கொக்கின் மாணவி நுழைந்து நுழைந்து அடித்தாள். மணி அடித்தபோது குருவியின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. மகன் முக்காலியைப் போட்டான், பார்த்தான், உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை மட்டும் நீட்டித் துண்டால் துடைத்தான். பாதி அவள் காதைத் துடைத்தான்.

அவர் குனிந்து ஏதோ சொன்னார். அந்த நோய் குரலையும் தின்றுவிட்டிருந்தது. மூலைக்குக் கீழே நின்ற எனக்கே கேட்கவில்லை. கூச்சலில் அவளுக்கு எங்கே கேட்கும்? கேட்கவில்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் மகனின் தோளைப் பிடித்து இழுத்து அவன் காதில் சொன்னார்.

மகனுக்குப் பேக்கரி அடுப்பருகே நின்று கத்திப் பழகிய தொண்டை. கண்ணைத் திறக்காமலே கத்தினான்.

"எதிர்ல நிக்கிறவ நல்லா ஆரோக்கியமா இருக்காளாம். அவளுக்குக் கை நடுங்கலையாம். அவளுக்காக நீ காத்திருக்க வேணாமாம்."

நடுவர் திரும்பிப் பார்த்தார். எதிர் மூலையில் கொக்கு திரும்பிப் பார்த்தார். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். குருவியும், மூக்கில் பஞ்சோடு, சிரித்துவிட்டாள்.

இரண்டாவது ரவுண்டில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மகனைப் போலப் பயத்தில் அல்ல. காலையில் அவர் செய்ததைப் போல, கேட்டுப் பார்க்கலாம் என்றுதான். ஆரம்பத்தில் இடைவெளி இருந்தது. ஒருமுறை தேய்ந்தது. மறுபடி வந்தது. பிறகு, டப்டப். கூட்டம் ஓவென்றது. கண்ணைத் திறந்தபோது கொக்கின் மாணவி ரிங் கயிற்றோரம் போயிருந்தாள்.

கடைசி ரவுண்டு இழுபறி. தீர்ப்பு சொல்லும்வரை இரண்டு பக்கமும் நம்பிக்கையோடுதான் நின்றார்கள். நடுவர் தூக்கியது சிவப்பு ஷூக்காரியின் கை.

மகன் அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. "என்னம்மா ஆச்சு, சொல்லேன்" என்று என்னைக் கேட்டான்.

குருவி கீழே இறங்கி வந்து இரண்டு கையையும் இவர் முன் நீட்டினாள். வழக்கமாக அவர்தான் கையுறையை அவிழ்ப்பார். அவர் விரல்கள் முடிச்சில் தடுமாறின. நான் உதவப் போனேன். அவள் கண்ணாலேயே என்னைத் தடுத்தாள். நிதானமாக அவிழ்த்தார்.

"இப்ப மாமாதானே?" என்றாள்.

"மாமாதான்."

"கொக்குகிட்டப் போகணுமா மாமா?"

"மூக்கைத் துடை முதல்ல" என்றார். தன் மூக்கையும் இழுத்துக்கொண்டார்.

அரங்கம் காலியாகும்போது கொக்கு வந்தார். ஒரு கை சட்டைப் பையில்.

"என்ன தங்கச்சி, வீட்டுக்காரருக்கு இன்னிக்குத் தூக்கம் வராது" என்றார் என்னிடம். பிறகு இவரிடம், "வலது கையை எழுப்பிட்டடா. பேட் யாரு பிடிச்சது?"

"பேக்கரிக்காரன்."

"அட." கொஞ்சம் தயங்கினார். "அந்தக் கதவுகிட்ட... பொண்ணு காலை நீட்டினாளே. அது என்ன வித்தை?"

இவர் சொன்னார். கோடு, கண், கால் எல்லாம். கொக்கு கழுத்தை நீட்டி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். எதிரி கேட்கும் விதமாக அது இல்லை. அப்போதுதான் அவர் பையிலிருந்து கையை எடுத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன, கண்ணுக்குத் தெரியாத மாத்திரை ஒன்றை உருட்டுவதுபோல. கவுன்டரில் நின்று அப்படிப்பட்ட கைகள் பலவற்றில் மருந்து கொடுத்திருக்கிறேன். அது எந்த நோய் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வீட்டுல யாருக்கும் தெரியாது" என்றார் கொக்கு.

என் கணவர் அந்தக் கையையே பார்த்தார். ஆறுதல் சொல்ல அவருக்கு எப்போதும் வராது.

"காலைல கூடத்துக்கு வா."

"எதுக்குடா? பேட் பிடிக்கவா? இந்தக் கையை வெச்சுக்கிட்டா?"

"நானும் பிடிக்கிறதில்ல. சுவரைப் பாத்து நிக்கிற வேலை இருக்கு. சொல்லித் தரேன்." கொஞ்ச தூரம் போனவரைக் கூப்பிட்டார். "டேய், மாத்திரையோட முட்டை திங்காத."

மறுநாள் காலை கொக்கு வந்தார். தனியாக வரவில்லை. கூட வந்தவரைப் பார்த்ததும் என் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அவர் யார் என்பது அடுத்த வாரக் கதை.

இதெல்லாம் நடந்து நாளாகிவிட்டது. பேட் இன்னும் மகனிடம்தான் இருக்கிறது. கண்ணைத் திறந்தே பிடிக்கிறான். என் கணவர் போனபின் ஒருநாள் குருவி வீட்டிலிருந்த கயிறுகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டே வந்தாள். "இதையும் எடுத்துடவா அத்தை?" என்று சமையலறைக் கதவருகே நின்று கேட்டாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

இன்று காலையும் அதைத் தாண்டிப் போய்த்தான் அடுப்பைப் பற்றவைத்தேன்.